முனியை மூடலாமா

எனக்கு அரசாங்கத்தைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தினமும் சாயங்காலம் நான் போய் உட்கார்ந்து பீர் குடிக்கிற கடை அரசாங்கத்தின் கடை.

மின்னசோட்டா மாநிலத்தில் எங்களைப் போன்ற பொடி ஊர்களில் இப்படித்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற ஊரில் கடை போட எந்த முதலாளி வருவான்? அதனால் நகரசபையே பார் நடத்துகிறது. முனிசிபல் பார் என்று முழுசாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. முனி என்போம். ஐந்து மணி அடித்தால் எங்கள் ஹெல்விக் ஊரில் பாதி ஆண்களுக்கு முனி பிடித்துவிடும். எனக்குப் பிடித்து நாற்பது வருடம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை.

நான் லோவெல் ஹாகென். வயது எழுபத்தொன்று. முப்பத்துநான்கு வருடம் ஊர்த் தானியக் கிடங்கை நடத்தியவன். ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரே கட்சிக்குத்தான் ஓட்டு. எந்தக் கட்சி என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். மாவட்டத்து வாரப் பத்திரிகைக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். வரி ஏறினால் எழுதுவேன், ஏறாவிட்டால் ஏறப்போகிறது என்று எழுதுவேன். எந்தக் கடிதமானாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'அரசாங்கத்துக்கு வியாபாரத்தில் என்ன வேலை?' அந்த வரியைப் பெரும்பாலும் முனியில் உட்கார்ந்துதான் எழுதினேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.

சிரிக்காதீர்கள். குடிக்கிறது வேறு, கொள்கை வேறு.

முனியில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் வெண்டல். சோயா விவசாயி, முழங்கால் போனபின் ஊருக்குள் குடிவந்தவன். சோயா விலை விழுந்தால் வாஷிங்டனைத் திட்டுவான். அதை ஈடுகட்ட வாஷிங்டனிலிருந்து காசோலை வந்தால், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டுவான். என் ஆட்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான். வெள்ளிக்கிழமை முனியில் நடக்கும் இறைச்சிப் பரிசுக் குலுக்கலில் பன்றி விலா விழுந்தால், 'அரசாங்கம் குடுத்து நாம சாப்புடணுமா' என்று சொல்லிக்கொண்டே எடுத்துப்போவார்கள்.

என் மகள் டாக்னி மறுகட்சி. எங்கே தப்புச் செய்தோம் என்று நானும் என் மனைவி பெவர்லியும் பல நாள் யோசித்ததுண்டு. டாக்னி மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். மணம் செய்து, முறித்து, நிம்மதியாக இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் மார்ச்சில் பெவர்லி இறந்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று டாக்னி வந்தாள். அந்த மாதம் முடியவே இல்லை. முனியின் மேனேஜர் ஓய்வு பெற்றதும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அந்த வேலையில் சேர்ந்தாள். ஆக, என் கூரைக்குக் கீழேயே ஓர் அரசாங்க ஊழியர். எனக்கு பீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, 'போதும்ப்பா, மூணாச்சு' என்று கிளாஸைப் பிடுங்கும் அதிகாரமும் அரசாங்கத்துக்கு வந்துவிட்டது.

வீட்டில் எந்நேரமும் தேர்தல்தான். வாசல் புல்வெளியை நடுவில் புல்வெட்டியை ஓட்டி இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இந்தப் பக்கம் என் கட்சிப் பலகை, அந்தப் பக்கம் அவள் கட்சிப் பலகை. ஹாலில் என் தொலைக்காட்சி, சமையலறையில் அவள் வானொலி. நான் சத்தம் கூட்டினால் அவளும் கூட்டுவாள். தபால்காரர் இரண்டு கட்சி விளம்பரத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

"அப்பா, உங்க முதியோர் பென்ஷன் வந்துருச்சு. திருப்பி அனுப்பிடட்டுமா?" என்று ஒரு காலையில் கேட்டாள்.

"எதுக்கு? அது என் காசு. வேலை பாத்த காலம் பூரா நான் கட்டுனது."

"குடுக்கறது அரசாங்கம்தானே?"

"திருடன் மனசு மாறித் திருப்பிக் குடுத்தா வாங்கிக்கக் கூடாதா?"

அவள் சிரித்த சிரிப்பில் காப்பி மேசையெல்லாம் சிந்தியது. மறுநாளே பழி வாங்கினாள். என் கடிதங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, முனியின் ஆண்கள் கழிவறையில் மாட்டிவிட்டாள். நின்றால் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில். ஊர் ஆண்கள் எல்லோரும் என்னைப் படித்தது அதற்கப்புறம்தான்.

உண்மையைச் சொல்கிறேன். பெவர்லி போனபின் அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது இந்தச் சண்டைதான். ஒரு தடவை டாக்னி சிநேகிதிகளைப் பார்க்கப் பத்து நாள் செயின்ட் பால் போனாள். நான் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுப் பார்த்தேன். அது என் கட்சிதான், நான் நினைக்கிறதைத்தான் சொன்னது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அணைத்துவிட்டேன். என் தங்கை வீட்டில் போன தேர்தலோடு அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நவம்பர் கடைசியில் குடும்பம் கூடிச் சாப்பிடுகிற நன்றி நாளன்று ஒருவன் மத்தியானம் வருகிறான், மற்றவன் சாயங்காலம் வருகிறான். வான்கோழி மட்டும் இரண்டு கட்சிக்கும் பொது. அந்தக் கூத்தைப் பார்க்கிறபோதெல்லாம், நாட்டில் பாதி வீடு இப்படிக் கிடக்க, என்னோடு முகத்துக்கு முகம் சண்டை போட எனக்கு ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். அவளிடம் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முனிக்கு ஆபத்து வந்தது. ஒரு வருடம் கூரை ஒழுகியது, அடுத்த வருடம் குளிர்பதனப் பெட்டி செத்தது. இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டம். இப்படி நஷ்டம் வந்தால் ஊரைக் கூட்டி, வைத்துக்கொள்ளலாமா மூடலாமா என்று கேட்க வேண்டும் என்பது மாநிலத்தின் சட்டம். எங்கள் மேயர் லாவோன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மாள், செப்டம்பரில் தீயணைப்புக் கூடத்தில் கூட்டம் போட்டாள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.

நான் முதல் ஆளாக எழுந்தேன். நாற்பது வருடமாக எழுதுகிறவன் உட்கார்ந்திருக்க முடியுமா? சுதந்திரச் சந்தை, வரி கட்டுகிறவன் முதுகு, நம் முன்னோர் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தது அரசாங்கச் சாராயம் குடிக்கவா என்று நன்றாகவே பேசினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அடுத்து வெண்டல் எழுந்தான். "லோவெல் சொன்னதுதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதற்கும் கைதட்டல். ஆள் மாற்றி ஆள் எழுந்து மூடு, மூடு என்றார்கள். நவம்பர் தேர்தலில் இதையும் ஓட்டுக்கு விட்டு முடிவு செய்வோம் என்றாள் லாவோன். டாக்னி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்த வெற்றியைக் கொண்டாட நேரே முனிக்குப் போனோம். வேறு எங்கே போவது?

டாக்னி எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். "இன்னைக்கு நல்லாப் பேசுனீங்கப்பா," என்றாள். குத்தல் இல்லை, கேலி இல்லை. நாலாவது கிளாஸையும் பிடுங்காமல் விட்டாள்.

அதற்கப்புறம் அவள் சண்டையே போடவில்லை. கவர்னர், செனட், காங்கிரஸ் என்று எல்லாத் தேர்தலும் ஒன்றாக வந்த வருடம். தொலைக்காட்சியில் நான் சத்தத்தைக் கூட்டினால் அவள் வானொலியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். வேலை போகப்போகிறதே என்று கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, 'அப்பா, எனக்காக உங்க ஓட்ட மாத்திப் போடுங்க' என்று கேட்டிருந்தால் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பெருந்தன்மையாகச் சரி என்றிருப்பேன். அவள் கேட்கவில்லை. ஹாகென் ரத்தம்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், துணி துவைக்கும் அறையில் அவள் தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது. "நவம்பர்ல கடைய மூடிட்டாங்கன்னா ஜனவரியில வந்துடறேன். ஆமா, செயின்ட் பாலுக்கேதான். பழைய வேலைதான். முதல்ல மூடட்டும்."

நான் சத்தமில்லாமல் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன். விஷயம் இவ்வளவுதான். முனி மூடினால் டாக்னி போய்விடுவாள். முனி இருந்தால் இருப்பாள். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கொள்கையும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான் என்பது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

தேர்தல் நாள். தீயணைப்புக் கூடத்தில் அட்டைத் தடுப்பு வைத்த மேசைகள். ஓட்டுச்சீட்டின் முன்பக்கம் முழுக்க என் கட்சிக்காரர்கள் பெயருக்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்கினேன். கை தானாகவே போயிற்று. பிறகு சீட்டைத் திருப்பினேன். 'ஹெல்விக் நகரசபையின் மதுக்கடையை மூடலாமா? ஆம். இல்லை.'

பேனா 'ஆம்' மேல் போய் நின்றது. நாற்பது வருடப் பழக்கம். இடது கையால் சீட்டை மறைத்துக்கொண்டு, 'இல்லை'யைக் கறுப்பாக்கினேன். வியர்த்துவிட்டது. பக்கத்து மேசையில் வெண்டல் தன் தொப்பியைக் கழற்றிச் சீட்டின் மேல் கவிழ்த்து, அதற்குக் கீழே கையை விட்டு எழுதிக்கொண்டிருந்தான். விளக்கு கண்ணைக் கூசுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தோம். ஓட்டுப் போட்டதற்கான சிவப்பு ஸ்டிக்கர் இரண்டு பேர் சட்டையிலும்.

"என்னடா, மூடியாச்சா?" என்றான்.

"மூடியாச்சு. நீ?"

"அதுல என்ன கேள்வி?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெண்டல் வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல இருக்கு," என்றான். ஒரு பொட்டு மேகம் கிடையாது. "ஆமா, வரும்," என்றேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு முனி வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கடை திறக்கப் பதினொன்று ஆகும். கதவில் லாவோன் தன் கையால் எழுதி ஒட்டிய காகிதம். மூடலாம்: 1. மூட வேண்டாம்: 96.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அதேதான். செப்டம்பரில் எழுந்து நின்று கைதட்டியவர்களே அறுபது பேர் இருப்பார்கள். அந்த அறுபதில் ஏழெட்டுப் பேர் இப்போது என் பக்கத்தில் நின்று தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லன் என்கிற எங்கள் டிராக்டர் மெக்கானிக் மட்டும் தொண்டையைச் செருமினான். "கூரைய இப்பத்தான மாத்துனாங்க. அத வீணாக்க வேணாமேன்னு போட்டேன்," என்றான். "அதான், அதான்," என்று மற்றவர்கள் அவசரமாகச் சொன்னார்கள். எல்லோருமே கூரைக்காகத்தான் போட்டிருக்கிறார்கள்.

வெண்டல் திரும்பி என்னைப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"லோவெல், நீ ஒருத்தன்தான்டா."

"என்ன நான் ஒருத்தன்?"

"சொன்ன சொல்லக் காப்பாத்துன ஆம்பள. நாங்க எல்லாம் வாயில மட்டும்தான். நீ எழுதுனத அப்படியே போட்டுட்ட."

"சொந்தப் பொண்ணு வேலை போகும்னு தெரிஞ்சே போட்டிருக்கான்," என்றான் ஹார்லன். பாராட்டுகிறானா, காறித் துப்புகிறானா என்று தெரியவில்லை. "அதுக்குக் கல்லு மாதிரி மனசு வேணும்."

நான் வாயைத் திறந்தேன். இல்லையப்பா, நானும் உங்களைப்போல் ஃபிராடுதான் என்று சொல்ல வேண்டியதுதான் முறை. ஆனால் பெருமை சும்மா வந்து மடியில் விழுந்தால் தட்டிவிட யாருக்கு மனசு வரும்? "கொள்கைன்னா கொள்கை," என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. என் வெட்கம்கெட்டதனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. நான் இல்லை என்றால், அந்த ஒன்று யார்?

பின்வாசல் வழியாக உள்ளே போனேன். டாக்னி கல்லாப் பலகைக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வாசல்ல கூட்டமாப்பா?"

"ஆமா. என்னைப் பாராட்டிக்கிட்டு இருக்காங்க."

"எதுக்கு?"

"அந்த ஒத்த ஓட்டு நான்தான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

துணியைக் கீழே வைத்தாள். "பொய்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா அது நான்."

நான் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்கிற சமாச்சாரம் இல்லை இது. "நீ எதுக்குடி உன் கடைய மூடச் சொல்லி நீயே போட்ட?"

"ஊரே மூடச் சொல்லும்னு நெனச்சேன். செப்டம்பர்ல அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு அவ்வளவு சத்தமாப் பேசுனீங்க. பேசுனதத்தானே செய்வாங்க? நான் நம்பிட்டேன்ப்பா." மூக்கை உறிஞ்சினாள். "உங்க கட்சிக்காரங்க பேச்ச இந்த ஊர்ல நம்புன ஒரே ஆளு நான்தான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உனக்கு ஏன் மூடணும்?"

துடைத்த கிளாஸையே திரும்ப எடுத்துத் துடைத்தாள். "செயின்ட் பால்ல பழைய வேலை காலியா இருக்கு. ஆகஸ்ட்லேந்து கூப்பிடறாங்க. கடை மூடிட்டா, வேலை போயிருச்சு, வேற வழியில்லன்னு போயிடலாம். நானா போறேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அம்மா போயி மூணு வருஷம்கூட ஆகல."

சுருக்கென்றது. நான் இவளை இங்கே காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னைப் பார்த்துக்கொள்வதற்காகத் தன் பிழைப்பை நிறுத்தி வைத்திருக்கிறாள். கோபம்தான் முதலில் வந்தது.

"நான் என்ன கைக்குழந்தையா? எனக்குத் தனியா இருக்கத் தெரியாதா?"

"போன வாரம் சூப்பத் தகர டப்பாவோட மைக்ரோவேவ்ல வெச்சீங்க."

"அது ஒரு தடவ."

"ரெண்டு தடவ." என்னை நேரே பார்த்தாள். "நீங்க என்ன போட்டீங்க?"

"வேண்டாம்னுதான்."

"நாப்பது வருஷம் எழுதிட்டு?"

"மூடுனா நீ போயிடுவேன்னு தெரியும். போன்ல பேசுனதக் கேட்டேன். நீ போறது எனக்குப் பிடிக்கல."

என் ஆட்கள் இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. மகள் ஊருக்குக் கிளம்பினால், 'வண்டியில பெட்ரோல் இருக்கா' என்று கேட்போம். பாசம் என்றால் எங்களுக்கு அதுதான். அதனால் சொல்லிவிட்டு நான் கல்லாப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துடைத்த கிளாஸை அலமாரியில் வைத்தாள்.

"உனக்கு அங்க போகணுமா? சுத்தி வளைக்காம சொல்லு."

"போகணும்ப்பா." உடனே சொன்னாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஆனா போக முடியாது. தொண்ணூத்தாறு பேரு கடை வேணும்னு சொல்லிட்டாங்க. இப்ப விட்டுட்டுப் போனா, அப்பனையும் அம்போன்னு விட்டா, ஊர் கடையையும் அம்போன்னு விட்டான்னு பேசுவாங்க. ஒவ்வொரு நன்றி நாளுக்கும் நான் வரும்போது சர்ச்சுல மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இந்த ஊரு சத்தம் போட்டுத் திட்டாது. சிரிச்சுக்கிட்டே திட்டும். அத என்னால தாங்க முடியாது."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ஊரில் தட்டில் கடைசித் துண்டு கேக்கை எடுத்தவனையே இருபது வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பதினொன்று ஆனது. டாக்னி முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே வந்து அவரவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே லாவோன் வந்தாள், ஒரு கையில் சாக்லேட் கேக் தட்டு, மறு கையில் ஒரு காகிதம்.

"டாக்னி கண்ணு, ஊரே உன் பக்கம். இந்தா, மூணு வருஷ ஒப்பந்தம். சம்பளமும் கொஞ்சம் கூட்டியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா." பிறகு என்னைப் பார்த்தாள். முகம் மாறிற்று. "உங்களப் பத்தி வாசல்ல சொன்னாங்க லோவெல். நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல." ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்னி பேனாவை எடுத்தாள். அவள் கை காகிதத்தின் மேல் நின்றதைப் பார்த்தேன். நேற்று என் பேனா 'ஆம்' மேல் நின்றதுபோல் இல்லை இது. இவள் கைக்கு எங்கே போவது என்று நன்றாகத் தெரியும், போக விருப்பமில்லை. மூன்று வருடம் என்றால் அவளுக்கு நாற்பத்தாறு ஆகிவிடும்.

கல்லாப் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"அவ கையெழுத்துப் போடமாட்டா."

எல்லோரும் திரும்பினார்கள். டாக்னியும் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமாப் பொறுத்துக்கிட்டேன்," என்றேன். "ஊரு திருந்தும், இந்தக் கடைய மூடும், அவளும் ஒழுங்கான வேலைக்குப் போவான்னு பாத்தேன். நீங்க திருந்தல. நேத்தோட எனக்குப் பொறுமை போச்சு. என் வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தி அரசாங்கச் சம்பளம் வாங்கக் கூடாது. செயின்ட் பால்ல தனியார் ஆஸ்பத்திரியில வேலை இருக்கு. ஜனவரியில அங்க போகட்டும். இங்க ஒரு நாளும் இருக்கக் கூடாது."

லாவோனின் கையிலிருந்த தட்டு ஆடியது. "உங்களுக்கு மூளை கீளை பிசகிருச்சா? பெத்த பொண்ண ஊர விட்டு வெரட்டறீங்களே. தனியா கெடந்து என்ன பண்ணப்போறீங்க?"

"நிம்மதியா டிவி பாப்பேன்."

"டேய்," என்றான் வெண்டல். அவன் குரலில் நிஜமான வருத்தம். "கொள்கைக்கும் ஓர் அளவு இருக்குடா."

"உங்களுக்கெல்லாம் அது எவ்வளவுன்னு கதவுல ஒட்டியிருக்கு. போய்ப் படி."

ஹார்லன் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு எனக்கு மூன்று ஸ்டூல் தள்ளிப் போய் உட்கார்ந்தான். இவர்கள் இனி எத்தனை மாதம் என்னோடு வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி எத்தனையோ பேரோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

லாவோன் கடைசி முயற்சியாக டாக்னியின் கையைப் பிடித்தாள். "நீ ஏம்மா இந்த மனுஷன் பேச்சக் கேக்கற? உனக்கென்ன வயசாகலையா? இருக்கணும்னா இரு. என் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. நீ சொல்லு."

கடை முழுக்க அவள் வாயைப் பார்த்தது. டாக்னி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் முடிந்தவரை கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அசந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள். "அப்பா ஒண்ணு முடிவு பண்ணிட்டா யாரு சொல்லியும் கேக்கமாட்டாரு," என்றாள் லாவோனிடம். "நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

"பாவம்டி நீ," என்றாள் லாவோன். சுற்றியிருந்த அத்தனை பேரும் பாவம், பாவம் என்றார்கள். ஊரே அவளுக்காக இரக்கப்பட்டது. ஹார்லன், செயின்ட் பாலுக்குச் சாமான் ஏற்றிப்போகத் தன் வண்டியைத் தருகிறேன் என்றான்.

டாக்னி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீர்ப் பெட்டிகள் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போகாதேம்மா என்று சொல்லியிருப்பேன்.